ஏழுமலை நிறுத்திய மாத்திரை

போன திங்கள்கிழமை காலை. திருவேற்காட்டில் பூந்தமல்லி போகும் ஷேர் ஆட்டோவில் ஏறினேன். ஓட்டுநர் ஏழுமலை எனக்குப் பழக்கம். அதைவிட முக்கியம் — வாராவாரம் நான் எழுதும் இந்தப் பத்தியை ஒரு வாரம்கூட விடாமல் படிப்பவர். நான்கு மாதம் முன்பு இதயத்தில் அடைப்பு வந்து, ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்.

"மாத்திரையெல்லாம் ஒழுங்கா போடுறீங்களா?" சும்மாதான் கேட்டேன்.

"அத்த நிறுத்தி பத்து நாள் ஆவுது சார். நீதானே எய்துனே? பட்ச்சிட்டு மெடிக்கல்ல ஆன்டிஆக்ஸிடன்ட் கேப்சூல் வாங்கிகினேன். கூடவே டெய்லி நெல்லிக்கா ஜூஸ். ஒடம்பு சூப்பரா கீது!"

ஆமாம், எழுதியது நான்தான். ஃப்ரீ ராடிக்கல் என்று ஒன்று... ஓர் எலக்ட்ரான் குறைந்து அலையும் மூலக்கூறு. பக்கத்தில் இருப்பதிடம் அதைப் பிடுங்கும். கெட்ட கொழுப்பை மேலும் கெடுத்து, ரத்தக்குழாய்ச் சுவரில் அடைப்பை வளர்க்கும். ஆன்டிஆக்ஸிடன்ட் அதை அடக்கும்... எல்லாம் எழுதினேன். 'டாக்டர் கொடுத்த மருந்தை நிறுத்தாதீர்கள்' என்று ஒரு வரி எழுதினேனா? இல்லையே! ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். நான் என் முதல் ஆளைக் கொல்லப் பார்த்திருக்கிறேன்.

"வண்டியை நேரா உங்க டாக்டர்கிட்ட விடுங்க."

"சவாரி கீதே சார்! சாய்ங்காலம் பாத்துக்கலாம்."

"அதுவரைக்கும் நான் இறங்க மாட்டேன்."

பின் சீட்டில் இருந்த பூக்கார அம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். "போப்பா, போய்ப் பாத்துகினு வா. நாங்க வேற வண்டில போறோம்." மற்றவர்களும் முணுமுணுத்தபடி இறங்கினார்கள்.

டாக்டர் ஈசிஜி எடுத்தார். நல்லவேளை, பயப்பட ஒன்றுமில்லை. அப்புறம்தான் திட்டு. "ஃப்ரீ ராடிக்கல் அடைப்பை வளர்க்கும்கிறது சரி. ஆனா கேப்சூல் போட்டா அடைப்பு நிக்கும்னு யாரும் நிரூபிக்கலை. ஸ்டென்ட்ல ரத்தம் உறையாம பாத்துக்கிறது நான் கொடுத்த மாத்திரை. அதை நிறுத்தினா உயிருக்கே ஆபத்து. யார் சொன்னது இப்படி?"

ஏழுமலை என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நானே கை தூக்கினேன். வெட்கமாகத்தான் இருந்தது.

மறுநாளிலிருந்து ஒரே பிடிவாதம். ஸ்டாண்டில் அவர் இட்லி சாப்பிட்டு, என் கண் முன்னால் மாத்திரை போட்டால்தான் நான் ஏறுவேன். இப்போது எனக்கு அந்த வேலையும் இல்லை. "அண்ணாத்தே, மாத்திரய போட்டுகினு வண்டிய எடு!" என்று வண்டிக்குள் இருந்து நாலு குரல் வருகிறது.

ஆள் நிரம்பினால் மட்டும் போதாது, மாத்திரையும் உள்ளே போனால்தான் அந்த ஷேர் ஆட்டோ கிளம்பும்!