அடுத்த ஷோ வரட்டும்

ஆவுடையார்கோவில் வட்டாரத்தில் உதயசூரியனைக் கேட்காமல் யாரும் கார் வாங்குவதில்லை. உதயசூரியனிடம் கார் கிடையாது. தாலுகா ஆபீஸுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை உண்டு, கடை வாசலில் பதினோரு வயதான ஒரு மொபெட் உண்டு. மனுவுக்கு நகல் எடுக்க வந்தவர் பேச்சுவாக்கில், "கார் ஒண்ணு எடுக்கலாம்னு இருக்கேன்" என்று சொல்லிவிட்டால் போச்சு. ஒரு மணி நேரம் கிரவுண்ட் கிளியரன்ஸைப் பற்றிக் கேட்டு முடித்த பிறகுதான் மனு கைக்கு வரும்.

நாற்பத்தாறு வயதில் இது என்ன கிறுக்கு என்று அவரே தன்னைக் கேட்டுக்கொள்வதுண்டு. பதில் கிடைப்பதற்குள் போனில் ஏதாவது படம் வந்துவிடும். அவர் அட்மினாக இருக்கும் வாட்ஸ்அப் குழுவின் பெயர் 'ஆவுடை ஆட்டோ பாய்ஸ்'. பதினாலு பாய்ஸ், அதில் இரண்டு பேர் பேரன் எடுத்துவிட்டார்கள். சென்னையில் இரண்டு வருஷத்துக்கொரு முறை நடக்கும் ஆட்டோ ஷோ நெருங்கினால் குழுவே சாமி வந்தது போல ஆடும். உடம்பு முழுக்கக் கறுப்பு வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி மறைத்து, எங்கோ நெடுஞ்சாலையில் சோதனை ஓட்டம் விடும் புது வண்டியை யாராவது படமெடுத்துப் போட்டிருப்பார்கள். அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, "பின்லைட்டப் பாருங்கப்பா, சந்தேகமே இல்ல, இது அதுதான்" என்று உதயசூரியன் தீர்ப்புச் சொல்வார். ஒரு தடவை அப்படித் தீர்ப்புச் சொன்ன படத்தில் இருந்தது ஒரு மினி லாரி. அதைப் பற்றிக் குழுவில் யாரும் பேசக் கூடாது என்று அட்மின் விதி போட்டிருக்கிறார்.

இத்தனை பெருமைக்கும் அடியில் ஒரு சங்கதி கிடந்தது. அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது.

கல்யாணத்துக்கு முந்தி அறந்தாங்கியில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தார். மூன்றாம் நாள், ரோட்டில் காயப்போட்டிருந்த உளுந்தின் மேல் ஏற்றி, பதறிப்போய் ஸ்டியரிங்கை ஒடித்து, கண்மாய்க்கரைச் சரிவில் வண்டியை இறக்கிவிட்டார். சொல்லிக்கொடுத்தவர் தன் பக்கத்து பிரேக்கை மிதித்ததால் தண்ணீருக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. உளுந்துக்குச் சொந்தக்கார அம்மாள் பேசிய பேச்சு இன்னும் அவர் காதில் இருக்கிறது. நாலாம் நாள் அவர் போகவில்லை. வீட்டில் "கத்துக்கிட்டாச்சு" என்று சொல்லிவிட்டார். பர்ஸில் உள்ள லைசென்ஸ் இரு சக்கர வாகனத்துக்கு உரியது. அதை யார் வாங்கி உற்றுப் பார்க்கப்போகிறார்கள்?

ஊரைச் சமாளிப்பது சுலபமாக இருந்தது. புது வண்டிக்குக் கோயில் வாசலில் பூசை போடும்போது அவரைக் கூப்பிடுவார்கள். நாலு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைப்பது அவர் வேலை. "நீங்களே ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்கண்ணே" என்று சாவியை நீட்டினால், "மொத ஓட்டம் வாங்குனவங்க கையாலதான் இருக்கணும். அதான் ராசி" என்று ஒதுங்கிக்கொள்வார். அப்படி ஒரு ராசி எங்கேயும் கிடையாது, அவராகக் கட்டியதுதான். ஆனால் அதுவே வட்டாரம் முழுக்கச் சம்பிரதாயமாகிவிட்டது. போன மாதம் பூசாரியே அதை யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்ததை உதயசூரியன் கேட்டார், பயபக்தியோடு தலையும் ஆட்டினார்.

வீட்டைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு. மனைவி இளமதி மீமிசல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். காலையில் நெரிசல் பஸ்ஸில் நின்றுகொண்டு போவாள், பகலெல்லாம் நின்று வேலை பார்ப்பாள், சாயங்காலம் மறுபடி நின்றுகொண்டே வருவாள். ராத்திரி முழங்கால் வீங்கிப்போய் இருக்கும். ஆறு வருஷத்துக்கு முன்பு ஒரு நாள் கேட்டாள்: "ஒரு கார் எடுத்தா, நீங்க என்னயக் கொண்டு விட்டுட்டு வந்து கடையத் தெறக்கலாம்லங்க?"

"அடுத்த ஷோ வரட்டும் இளமதி. புது மாடல் வருது. இப்ப எடுத்தா ஏமாந்துபோவோம்" என்றார்.

அந்த ஷோ வந்தது. அதற்கடுத்ததில் வரப்போவது இன்னும் மேல் என்றார். பிறகு எலெக்ட்ரிக் வரட்டும் என்றார். அது வந்ததும், பேட்டரி கொஞ்சம் தேறட்டும் என்றார். சொல்லச் சொல்ல, இதெல்லாம் நிஜமான காரணம்தான் என்று அவரே நம்ப ஆரம்பித்துவிட்டார்.

இந்த முறை இளமதி விடவில்லை. "நானும் ஷோவுக்கு வாரேன். அங்கிட்டே பாத்து, அங்கிட்டே புக் பண்ணணும். இதுக்கு மேல என் முட்டி தாங்காதுங்க."

குழுவிலிருந்து பெலிக்ஸும் சேர்ந்துகொள்ள, புதுக்கோட்டையில் மூவரும் ரயில் ஏறினார்கள். எதைப் பார்த்தாலும் ஒரு குறை சொல்லியாக வேண்டுமே என்று உதயசூரியன் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தார்.

அரங்கத்தில் கூட்டம் அம்மியது. மேடையில் மூடியிருந்த துணியை உருவினார்கள். எதிர்காலத்துக்கென்று கம்பெனி செய்து காட்டும் கான்செப்ட் கார். கதவுகள் மேலே தூக்கித் திறந்தன. உள்ளே ஸ்டியரிங் இல்லை. பெடல் இல்லை. தானே ஓட்டிக்கொள்ளும் வண்டி என்று மைக்கில் சொன்னார்கள். உதயசூரியனுக்குக் கண் கலங்கிவிட்டது. தன்னை மனதில் வைத்தே யாரோ இதைச் செய்திருக்கிறார்கள் என்று தோன்றியது.

"இது எப்ப ரோட்டுக்கு வரும்?" என்று அங்கிருந்த கம்பெனிக்காரரைக் கேட்டார்.

"2032-ல எதிர்பார்க்கலாம் சார்."

பெலிக்ஸ் முகம் தொங்கிப்போனது. உதயசூரியன் முகம் மலர்ந்தது. அதை அவரால் அடக்க முடியவில்லை. இளமதி மேடையைப் பார்க்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் அத்தன வருசம் ஆகும்ங்கிறாரு. ஒங்களுக்கு எதுக்குங்க இம்புட்டு சந்தோசம்?"

பேட்டரியைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தார். இளமதி ஒரு கையால் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் முட்டியை அமுக்கியபடி நின்றாள். பேட்டரி தொண்டையிலேயே நின்றுவிட்டது.

"எனக்கு ஓட்டத் தெரியாது இளமதி" என்றார்.

பெலிக்ஸ், "அண்ணே!" என்றான்.

அவள் சத்தம் போடுவாள் என்று உதயசூரியன் எதிர்பார்த்தார். சத்தம் போட்டிருந்தால் தேவலை. இளமதி மெதுவாகத்தான் கேட்டாள்.

"அன்னைக்கே இத ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நான் ஓட்டக் கத்துக்கிட்டிருப்பேன்ல?"

உதயசூரியன் திகைத்துப்போனார். அவர் வேண்டாமென்று தடுக்கிற ஆள் இல்லை. அவள் கேட்டிருந்தால் சரி என்றுதான் சொல்லியிருப்பார். 2032 வரை எட்டிப் பார்த்த மூளைக்கு, ஆறு வருஷத்தில் ஒரு நாள்கூட ஓட்டுகிற சீட்டில் அவளை உட்காரவைத்துப் பார்க்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான். மினி லாரியைக் கார் என்று சொன்னபோதுகூட அவருக்கு இவ்வளவு வெட்கமாக இல்லை.

இளமதி நேரே வெளி மைதானத்துக்குப் போனாள். அங்கே விற்பனையில் இருக்கும் வண்டிகளை ஓட்டிப் பார்க்கலாம். வரிசையில் கடைசியாக நின்ற சின்ன பெட்ரோல் காரைக் காட்டினாள். குழுவில் உதயசூரியன் தகர டப்பா என்று நாலு பக்கம் எழுதிய அதே கார். கம்பெனிக்காரப் பெண் சாவியை அவரிடம் நீட்டி, "ஓட்டிப் பாக்குறீங்களா சார்?" என்றாள்.

"அவருக்குத் தெரியாதும்மா. எனக்கும் இனிமேதான்" என்றாள் இளமதி. "நீங்க ஓட்டுங்க, நான் பக்கத்துல இருந்து பாக்குறேன்."

ஆண்கள் இருவரும் பின்சீட்டில் ஒடுங்கினார்கள். வண்டி நகர்ந்தது. இளமதி குனிந்து அந்தப் பெண்ணின் கால்களையே பார்த்தாள். எது பிரேக், எது ஆக்சிலேட்டர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். பின்னாலிருந்து உதயசூரியன் கழுத்தை நீட்டினார். பெலிக்ஸ் கேட்டால் கேட்டுக்கொள்ளட்டும் என்று துணிந்து, "அந்த கிளட்ச்ச எப்பம்மா விடணும்?" என்றார்.

"ஒங்களுக்கு அப்பறம்" என்றாள் இளமதி, திரும்பாமலே. "மொதல்ல எனக்குச் சொல்லட்டும்."