பனிச்சங்கேணிப் பாலத்தில் எடுக்காத ஃபோன்

மலையில் பிறந்தவனுக்குக் கடல் பைத்தியம் பிடிக்கலாமா? மோகனராஜுக்குப் பிடித்திருந்தது. வீடு பன்வில தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில். வேலை கட்டுகஸ்தோட்டையில், மோட்டார் சைக்கிள் கராஜில். லீவு கிடைத்தால் ஒரு கோயில், ஒரு கலியாண வீடு என்று போவானா? மாட்டான். வண்டியை எடுத்தால் பதினெட்டு வளைவு மலைப்பாதையில் இறங்கி, மகியங்கனை தாண்டி, மட்டக்களப்புக் கரையைப் பிடித்து, வாகரைப் பக்கம் போய்த்தான் நிற்பான்.

ஆவணியில் போனால் யாரும் தடுப்பதில்லை. கடல் அப்போது தட்டில் ஊற்றிய தண்ணீராய்க் கிடக்கும். வலது பக்கம் கடல், இடது பக்கம் கடலோடு சேர்ந்த களப்பு ஏரி, முகத்தில் உப்புக் காற்று. ஆனால் நம்ம மோகனராஜ் துரைக்கு அது போதாதே! கார்த்திகை மழையில், அலை கரையை அடித்துத் தின்கிற நேரத்தில் போக வேண்டும். அப்போதுதான் நெஞ்சுக்குள் ஓடித் திரிகிற ஏதோ ஒன்று கொஞ்சம் அடங்கும்.

அந்தக் கார்த்திகையில் மனைவி கலாராணி வாசலை மறித்தாள்.

"புயல் வருதுன்னு ரேடியோல கத்துறாங்க. இப்ப கடல்கிட்ட போயி என்னத்த பாக்கப் போறீங்க?"

"காத்து கடலோட நின்னுடும் புள்ள. நீங்க மலைல இருக்கீங்க, ஒங்களுக்கு என்ன ஆகப்போகுது?"

லயத்தில் எல்லாருக்கும் அதே நினைப்புத்தான். புயல் என்பது மீன் பிடிக்கிற ஊர்களுக்கு வருவது. மலைக்கு மழை மட்டும்தான். கலாராணியும் அவனுக்காகத்தான் பயந்தாள். தனக்காகப் பயப்பட அவளுக்குத் தோன்றவேயில்லை.

மறுநாள் பகல் பனிச்சங்கேணிப் பாலத்தில் ஏறும்போது காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளியது. வளைவுக்குச் சாய்ந்து பழகிய மலைக்காரன், நேர் ரோட்டில் காற்றுக்குச் சாய்ந்து ஓட்டினான். வாய் தானாகச் சிரித்தது. ரெயின்கோட்டுக்குள் ஃபோன் அடித்தது. கலாராணிதான், திட்டத்தான். பாலம் தாண்டிக் கடலைப் பார்த்து நின்றபோது மறுபடி அடித்தது. திரும்பவும் அடித்தது. அடிக்கட்டும் என்று விட்டுவிட்டான், பாவி.

பன்வில லயத்துக்குள் கவரேஜ் கிடையாது. பேச வேண்டுமென்றால் எதிர் மேட்டில், கொழுந்து நிறுக்கும் மடுவக் கொட்டகைக்கு ஏற வேண்டும். மகள் நிலூஷாவை இழுத்துக்கொண்டு, தலையில் உரப்பையைப் போட்டுக்கொண்டு கலாராணி அங்கேதான் நின்றாள். முதல் தடவையே அவன் எடுத்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு, அடுப்பில் வைத்த சோற்றைப் பார்க்கத் திரும்பியிருப்பாள். அவன் எடுக்கவில்லை. மனுஷன் செத்துக்கித்துத் தொலைந்தானோ என்று பதறிப்போய்த் திரும்பத் திரும்ப அடித்தபடி நின்றாள். அந்த நேரத்தில்தான் லயத்துக்கு மேலிருந்த மலை சரிந்தது. அவர்களுடைய வீடும் பக்கத்து வீடும் மண்ணுக்குள் போயின. பக்கத்து வீட்டுச் செல்லச்சாமி உள்ளே இருந்தார்.

ரோடெல்லாம் உடைந்து கிடந்தது. வண்டியை எங்கேயோ போட்டுவிட்டு, கடைசித் தூரம் சேற்றில் நடந்து மோகனராஜ் வந்து சேர்ந்தான். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த கலாராணி அவன் சட்டையைப் பிடித்தாள்.

"ஏன் எடுக்கல?"

"கடல பாத்துக்கிட்டு இருந்தேன்."

பொய் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. ஓங்கி அறைந்தாள். பிறகு அதே சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "எடுத்திருந்தா நாங்க உள்ள இருந்திருப்போம்" என்று கதறினாள்.

இப்போது குண்டசாலையில் வாடகை வீடு. பின்னால் மலை இல்லை, வீட்டுக்குள்ளேயே கவரேஜ் உண்டு. மோகனராஜ் அதற்குப் பிறகு கடல் பக்கம் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டியைக் கழுவுவான், ஸ்டார்ட் பண்ணுவான், நிறுத்துவான்.

மழை நாளில் கராஜில் ஃபோன் அடித்தால் மட்டும் அவனுக்குக் கை ஓடாது. எடுக்கவும் பயம், விடவும் பயம். கடைசியில் எடுத்து, முதலில் கேட்பது ஒன்றைத்தான்.

"உள்ளயா நிக்கிற, வெளியவா?"

மழைச் சத்தத்துக்கு மேலாகக் கலாராணி கத்துவாள்:

"வெளியதாங்க. ரெண்டு பேரும் வெளியதான் நிக்கிறோம்."