வெள்ளையாகத் தெரிந்த தரை

மகளின் கம்பெனியில் எல்லோரையும் இரண்டு நாள் காட்டுக்குக் கூட்டிப் போகிறார்களாம். தீ மூட்டுவது, தண்ணீர் கண்டுபிடிப்பது, வழி தவறினால் பிழைத்து வருவது எல்லாம் அங்கே சொல்லித் தருவார்களாம். விம்கோ நகர் மெட்ரோவில் இறங்கி, முட்டிவலியோடு வந்து அப்போதுதான் உட்கார்ந்திருந்தேன். வாங்கி வைத்த சாமான்களை ஒவ்வொன்றாகக் காட்டினாள். கயிறு, விசில், ஏதோ மூலிகைக் கொசு மருந்து. மூடியைத் திறந்து என் மூக்கருகே நீட்டினாள். வேப்பெண்ணெய்.

எனக்கு அது எண்ணூர் ஆற்றின் வாசனை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், குழாய் பதிக்க அளவெடுக்கும் ஆட்களோடு அங்கே போவேன். கொசுவுக்காகக் கை கால் முழுக்க வேப்பெண்ணெய் பூசிக்கொள்வோம். நான் ராயபுரத்து ரயில்வே குடும்பம். மாதா கோயில் பூசைக்குப் போடும் ஷூவையே சேற்றுக்கும் போட்டுப்போன மேதாவி. அளவுக் கட்டை பிடிக்கும் தேசிங்கு அந்த ஆற்றோர நெட்டுக்குப்பத்துக்காரன், என் வயசுதான். முதல் நாளே முழங்கால் வரை சேற்றில் மாட்டிக்கொண்டேன். அவன் சிரித்த சிரிப்பில் அவனுக்கே புரையேறியது.

"கால புடுங்காத நைனா, இன்னும் உள்ள இஸ்துக்கும். அப்டியே பட்த்துக்கோ. மெதுவா ஆட்டிகினே எடு."

படுத்தேன். கால் வந்தது, ஷூ வரவில்லை.

அப்புறம் எங்கே போனாலும் அவன் பின்னால்தான். மணல் மேட்டில் கையால் தோண்டினால் முழங்கை ஆழத்தில் நல்ல தண்ணீர் ஊறும். பேராசைப்பட்டு இன்னும் தோண்டினால் உப்பு. கறுப்புச் சேறென்றால் பார்த்துக் கால் வைக்க வேண்டும். வெள்ளை என்றால் மணல், ஓடியே போகலாம். இதையெல்லாம் அவன் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. அவன் பாட்டுக்கு நடப்பான், நான் பாட்டுக்கு விழுவேன்.

ஒரு மத்தியானம் கடல்தண்ணீர் ஆற்றில் ஏற ஆரம்பித்தது. கரைக்குக் குறுக்குவழியாக ஒரு வெள்ளைத் திட்டு. தேசிங்கு ஓடினான். நாலைந்து எட்டு வைத்திருப்பான், இடுப்பு வரை உள்ளே போய்விட்டான். அது மணலே இல்லை. எந்தக் குழாயிலிருந்து கசிந்ததோ, அனல்மின் நிலையத்துச் சாம்பல். மேலே மட்டும் ஓடு மாதிரி காய்ந்திருந்தது. ஒன்றும் தெரியாத நானாக இருந்தால் பயந்து பயந்து கால் வைத்திருப்பேன். அவனுக்குத் தெரியும், அதனால்தான் ஓடினான்.

எனக்குச் சொன்னதை அவனே மறந்து, காலைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். பிடுங்கப் பிடுங்க இறங்கினான். "படுடா, பட்த்துக்கோடா!" என்று கத்தினேன். கீழே கிடந்த நீள அளவுக் கட்டையைக் குறுக்கே போட்டு, அதன் மேல் குப்புறப் படுத்து அவன் கையைப் பிடித்தேன். மாதாவே, மாதாவே என்று எத்தனை தடவை சொன்னேனோ தெரியாது. ஒரு கால் வந்தது. மறுகால் வருவதற்குள் தண்ணீர் அவன் தாடையைத் தொட்டுவிட்டது.

கரையில் உட்கார்ந்து அழுதான். தப்பித்துவிட்டோமே என்று நான் முதுகைத் தட்டினேன். அவன் அழுதது அதற்கில்லை.

"எங்க ஆத்துலயே எனக்கு தரை தெர்லடா."

அதற்குப் பிறகு அவன் ஆற்றில் இறங்கவே இல்லை. வாடா என்று ஒரு தடவையாவது கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. அந்தக் குற்ற உணர்ச்சியைச் சுமப்பதுகூட இப்போது அலுத்துவிட்டது.

ஆற்றின் அந்தப் பக்கமெல்லாம் மண் போட்டுத் தூர்த்து இன்று கன்டெய்னர் அடுக்குகிறார்கள். தேசிங்கு அங்கேதான் காவலாளி. மகள் கிளம்பியதும் போன் போட்டேன். வேலை எப்படி என்று கேட்டேன்.

"இங்க எங்க கால வெச்சாலும் கெட்டியாத்தான் கீது மாமு. பாத்து வெக்க வேண்டியதே இல்ல."

அவன் நாற்காலிக்குக் கீழேதான் எங்கோ இருக்கிறது அவனுடைய ஆறு.