நான் சொல்லாமல் வைத்த விண்ணப்பம்

போன வருஷம் ஓண விடுமுறை முடிந்த வாரம் அது. என் வீட்டுக்காரர் கையில் ஒரு கடிதத்தோடு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். நெஞ்சுப் பரிசோதனையில் ஏதோ மாறுபாடு தெரிகிறதாம். மறுபரிசோதனை முடியும்வரை எந்த விமானத்தையும் ஓட்டக் கூடாதாம். அந்தக் கடிதத்துக்குக் காரணம் நான்தான் என்று அந்த நிமிஷமே தோன்றியது. ஏன் என்று சொல்கிறேன், சகோதரிகளே. கேட்டால் உங்களில் சிலருக்குக் கோபம் வரும்.

புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன், நான் ஷீலா. பாறசாலையில் பள்ளி ஆசிரியை, பக்கத்தில் செங்கல் என்ற ஊரில் வீடு. அவர் பெயர் சாம். அப்போது ஒரு சின்ன விமானக் கம்பெனியில் கேப்டனாக இருந்தார். இறக்கையில் விசிறி சுற்றுகிற விமானம்தான். ஆனால் காலையில் திருவனந்தபுரத்திலிருந்து கிளம்பினால் மாலை காப்பிக்குப் பெரும்பாலும் வீட்டுக்கு வந்துவிடுவார். அந்தக் காப்பி நேரத்தை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு நிறையும்.

அந்தக் கம்பெனி ஆட்டம் கண்டது. உதிரிபாகம் இல்லாமல் விமானங்கள் ஒவ்வொன்றாக நின்றன. அந்த நேரத்தில் ஒரு பெரிய கம்பெனி அவரைக் கூப்பிட்டது. ஜெட் விமானம், டெல்லியில் வேலை, கேப்டனாக இருந்தவர் மறுபடியும் துணை விமானியாக உட்கார வேண்டும். போவதா வேண்டாமா என்று அவர் தவித்துக்கொண்டிருந்தார். அவருடைய அம்மா, என் மாமி, தவிக்கவில்லை. 'மகனுக்குப் பெரிய விமானத்தில் வேலை கிடைத்ததற்காக' என்று எழுதி, கிடைக்கும் முன்பே சபையில் நன்றி சொல்லி ஸ்தோத்திரக் காணிக்கை போட்டுவிட்டார்கள். ஆராதனையில் போதகர் அதை வாசித்தும் விட்டார். வெளியே வந்தால் எல்லாரும் கைகுலுக்குகிறார்கள். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல.

அந்த வெள்ளிக்கிழமை பெண்கள் ஜெபக்கூட்டத்தில் விண்ணப்பம் கேட்டபோது, "சொல்லாத விண்ணப்பம் ஒண்ணு உண்டு" என்றேன். நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். சொல்லாததை யாரும் தோண்டிக் கேட்பதில்லை. எல்லாரும் முழங்காலிட்டீர்கள். என் பக்கத்தில் மாமி கண்ணீரோடு ஜெபித்தார்கள்: "ஆண்டவரே, எனக்க மருமவ மனசில உள்ளத அப்படியே நடத்தித் தாரும்."

என் மனதில் இருந்தது இதுதான்: அந்தப் பெரிய கம்பெனியின் மருத்துவப் பரிசோதனையில் அவர் தேறக் கூடாது.

தேறவில்லை. புதிய வேலை மட்டுமல்ல, பழைய வேலையும் நின்றது.

மூன்று மாதம் அவர் வீட்டில் இருந்தார். தினமும் ஸ்கூட்டரில் என்னைப் பள்ளியில் இறக்கிவிடுவார். பூவார் கடற்கரைக்குப் போய் மீன் வாங்கி வருவார், அவரே கழுவியும் தருவார். பெருங்கடவிளைச் சந்தைக்குப் போய் வேண்டாத சட்டிகளெல்லாம் வாங்கினோம். கல்யாணமான புதிதில்கூட இவ்வளவு சேர்ந்து சுற்றியதில்லை. ஆனால் முன்பெல்லாம் விமானச் சத்தம் கேட்டால் தலை நிமிர்ந்து பார்ப்பவர், இப்போது பார்ப்பதில்லை. சனிக்கிழமைதோறும் விமானி உடுப்பின் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக் கதவில் தொங்கவிடுவார். திங்கட்கிழமை எடுத்து மடித்து வைப்பார். எத்தனை நாள் அதைப் பார்க்க முடியும்?

ஒரு நாள் அடுக்களையில் மாமியின் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். மாமி மீன் வெட்டுவதை நிறுத்தினார்கள்.

"அப்ப நானும் சேந்தாக்கும் எனக்க பிள்ளைய தரையில இறக்கினது?"

"நீ கேட்டதுக்காக ஒருத்தன நோவடிக்கிற ஆளா கர்த்தர்? எழும்பு மக்கா. நானும் அவசரப்பட்டு காணிக்க போட்டவதான். இனி ரெண்டுபேரும் ஒண்ணே கேப்போம்."

அன்றிலிருந்து இருவரும் ஒன்றையே கேட்டோம். அவர் சுகமாக இருக்கட்டும், அவர் பறக்கட்டும், எங்கே என்பதை நீரே காட்டும்.

பெங்களூரில் மறுபரிசோதனை நடந்த அன்று எனக்குப் பாடமே நடத்த முடியவில்லை. மத்தியானம் போன் வந்தது. "ஷீலா, ஒண்ணும் இல்லியாம். பறக்கலாமாம்." பள்ளி வராந்தா என்றும் பார்க்காமல் முழங்காலிட்டேன்.

அடுத்த வாரமே பெரிய கம்பெனி மறுபடியும் கூப்பிட்டது. அவர் என்னிடம் வந்தார். "போவட்டா, வேண்டாமா? நீ சொல்லு."

"போங்க" என்றேன். பிறகு, நான் வைத்த விண்ணப்பத்தையும் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"அப்ப அந்த மூணு மாசம் நீ கேட்டு வாங்கித் தந்ததாக்கும்" என்றார். "நல்ல மாசமாக்கும் அது."

இப்போது டெல்லியில் துணை விமானியாகப் பறக்கிறார். பழைய கம்பெனி போன மாதம் மூடிவிட்டது. மாலைக் காப்பியை நானும் மாமியும் குடிக்கிறோம். அந்த நாட்களை நினைத்து அழுவதும் உண்டு. ஆனாலும் ஆண்டவருக்கு நன்றி சொல்லாமல் நான் படுப்பதில்லை.

உங்களுக்கும் சொல்லாத விண்ணப்பம் இருக்கலாம். அது யாரைப் பற்றியதோ, அவரிடம் முதலில் வாய் திறந்து சொல்லுங்கள். பிறகு அதை ஆண்டவரிடம் விட்டுவிடுங்கள். அவர் பார்த்துக்கொள்வார்.

இந்த வெள்ளிக்கிழமை எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. கிறிஸ்துமஸுக்குச் சாமுக்கு நாலு நாள் லீவு கிடைக்க வேண்டும். மாமியிடம் சொல்லிவிட்டேன், அவரிடமும் சொல்லிவிட்டேன்.