அம்மா பேருக்கு மாறிய துப்பாக்கி

தையல் மிஷினுக்கு விடுகிற எண்ணெயின் வாசனையும் பழைய இரும்பின் வாசனையும் கலந்த ஒரு நெடி, எங்கள் வீட்டில் நெல் மூட்டை அடுக்கிய அறைக்குள் எப்போதும் நின்றுகொண்டிருக்கும். அங்கிருந்த மரப்பீரோவில்தான், நாங்கள் நைனா என்று கூப்பிடும் அப்பாவின் ஒற்றைக்குழல் துப்பாக்கி இருந்தது. திருத்தணிப் பக்கம் கே.ஜி.கண்டிகையைத் தாண்டி எங்களுக்கு ஒரு வேர்க்கடலைக் கொல்லை உண்டு. காய் பிடிக்கும் பருவத்தில் ஆந்திரப் பக்கத்துக் குன்றுகளிலிருந்து காட்டுப்பன்றிகள் கூட்டமாக இறங்கி வந்து, உழுது போட்டதுபோல் கொல்லையைப் புரட்டிவிட்டுப் போகும். பொழுது சாயும் நேரத்தில் நைனா வரப்பில் நின்று, வானத்தைப் பார்த்து ஒரே ஒரு "வேட்டு" போடுவார். எந்தப் பன்றியையும் அவர் சுட்டதில்லை. அந்தச் சத்தமே எங்கள் கொல்லைக்கு வேலியாக இருந்தது.

நைனாவுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய்ப் படுக்கையில் விழுந்த வருஷம், அம்மாதான் வேட்டு போட்டாள். லைசென்ஸ் இருக்கிறவர் தவிர வேறு யாரும் துப்பாக்கியைத் தொட்டுச் சுடக் கூடாது என்பது அவளுக்குத் தெரியும். ஊருக்கும் தெரியும். ஆனால் காய் பிடித்த கொல்லையை வைத்துக்கொண்டு சட்டம் பேச அன்று யாருக்கும் மனம் வரவில்லை. தோளில் கட்டையைப் பதித்து, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு அவள் சுட்டதை நான் பம்பு செட்டின் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

நான் ஆறாவது படிக்கும்போது நைனா போய்விட்டார். கருமாதி முடிந்த கையோடு ஸ்டேஷனிலிருந்து ஒரு போலீஸ்காரர் வந்தார். லைசென்ஸ்காரர் இறந்துவிட்டால் துப்பாக்கி வீட்டில் இருக்கக் கூடாது, கொண்டுவந்து ஒப்படைத்துவிட வேண்டும் என்று பக்குவமாகத்தான் சொன்னார். நைனாவின் வேட்டி ஒன்றில் அதைச் சுற்றி, ஆட்டோவில் மடிமேல் குறுக்காக வைத்துக்கொண்டு போய்க் கொடுத்தோம். ரசீதை வாங்கிக்கொண்டு வெளியே வந்த அம்மா, அதைத் தன் பேருக்கு மாற்றிக்கொள்ளப் போவதாக அங்கேயே சொல்லிவிட்டாள்.

உறவில் ஒருத்தருக்கும் இது பிடிக்கவில்லை. பொம்பளைக்கு எதுக்கு இந்த வம்பு என்று ஆளுக்கொரு பக்கம் பேசினார்கள். நைனாவின் தம்பியான சின்ன நைனாவுக்குத்தான் கோபம் அதிகம். அவருடைய கொல்லை எங்கள் கொல்லையை ஒட்டியே இருந்தது. அது தாத்தா காலத்துத் துப்பாக்கி, வீட்டு ஆம்பளை கையில்தான் இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அண்ணிக்குக் கொடுக்கக் கூடாது, தனக்குத்தான் மாற்ற வேண்டும் என்று அவரும் ஒரு மனு எழுதிப் போட்டார். அதன்பிறகு எங்கள் வீட்டுக்கு வருவதையும் நிறுத்திக்கொண்டார்.

அங்கே ஆரம்பித்தது எங்கள் நடை. முதலில் இறப்புச் சான்று, அதைக் காட்டி வாரிசுச் சான்று, பயிர் வைத்திருப்பதற்கு அடங்கல், உடம்பு நன்றாக இருக்கிறது என்று டாக்டர் கையெழுத்து, பிறகு போலீஸ் அறிக்கை, தாசில்தார் அறிக்கை என்று ஒன்றைப் பிடித்தால் அது இன்னொன்றைக் கேட்டது. "ஃபைல் மேலே போயிருக்கு" என்பார்கள். அடுத்த முறை போனால் "ஃபைல் கீழே வந்திருக்கு" என்பார்கள். வீட்டில் என்னைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட வைத்து அம்மா என்னையும் கூட்டிப்போவாள். பெஞ்சுகளில் உட்கார்ந்து உட்கார்ந்து, எந்த ஆபீஸில் ஃபேன் சுற்றும், எதில் சுற்றாது என்பதுகூட எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

ஒவ்வொரு மேஜை முன்னாலும் அம்மா முதலில் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: "எங்க வீட்டுக்காரர் இறந்துட்டாருங்க." தொடக்கத்தில் அதைச் சொல்லும்போது அழுகை வந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொள்வாள். சில மாதங்கள் போனபின் எந்த ஊருக்குப் பஸ் டிக்கெட் என்று சொல்வதுபோல் சொல்லப் பழகிவிட்டாள். அவள் அழுததைவிட, அழாமல் அதைச் சொன்ன நாளில்தான் எனக்கு நைனா நிஜமாகவே இல்லை என்று பட்டது.

இதற்கிடையில் அடுத்த விதைப்புப் பட்டம் வந்து, காயும் பிடித்து, பன்றிகளும் வந்தன. துப்பாக்கி ஸ்டேஷனில் பத்திரமாக இருந்தது. அம்மா எண்ணெய் டின்னையும் இரும்புக் கம்பியையும் எடுத்துக்கொண்டு வரப்பு வரப்பாகத் தட்டித் திரிந்தாள். பன்றிகள் டின் சத்தத்துக்குச் சீக்கிரமே பழகிவிட்டன. பாதிக் கொல்லை போயிற்று. பக்கத்துக் கொல்லையில் சின்ன நைனாவும் டின்தான் தட்டிக்கொண்டிருந்தார். ஒரு வரப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருவரும் தட்டுவார்களே தவிர, ஒருவரையொருவர் ஏறிட்டும் பார்க்க மாட்டார்கள்.

கடைசியாக ஒரு அதிகாரி விசாரணைக்கு எங்கள் வீட்டுக்கே வந்தார். மனு கொடுத்தவர் என்பதால் சின்ன நைனாவையும் வரச் சொல்லியிருந்தார்கள். அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்து, தாள்களைப் புரட்டிவிட்டு, "நீங்க துப்பாக்கி பிடிச்சிருக்கீங்களாம்மா?" என்று கேட்டார்.

ஆமாம் என்றால் குற்றம் செய்ததாக அம்மாவே ஒப்புக்கொள்வது போலாகும். இல்லை என்றால், பழக்கமில்லாதவருக்கு எப்படித் தருவது என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள்.

"தொடச்சி எண்ணெ போட்டிருக்கேங்க," என்றாள். "அவர் சுடும்போது பக்கத்துல நின்னு பார்த்துகினு இருந்திருக்கேன்."

அதிகாரி சின்ன நைனா பக்கம் திரும்பினார். "இவங்க சுட்டு நீங்க பார்த்திருக்கீங்களா?"

பார்த்திருக்கிறார். நைனா படுக்கையில் கிடந்த வருஷம் முழுவதும் பக்கத்துக் கொல்லையிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஒரே ஒரு 'ஆங்' போதும், துப்பாக்கி அவருக்கு வந்துவிடும், அம்மாவின் மேல் கேஸும் வந்துவிடும்.

"இல்லீங்க," என்றார். பிறகு, யாரும் கேட்காமலேயே, "அண்ணி பேர்லயே போட்டுடுங்க. பயிர் வெச்சிகினு தனியா அல்லாடுறாங்க," என்றார்.

அவர் ஏன் மாறினார் என்று நான் கடைசிவரை கேட்டதில்லை. அம்மாவும் கேட்கவில்லை. அன்று அவருக்கு ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து வைத்தாள். அவர் அதைக் குடித்துவிட்டுத்தான் போனார்.

அதன்பிறகும் ஃபைல் மாதக்கணக்கில் எங்கெங்கோ சுற்றிவிட்டுத்தான் வந்தது. அம்மாவின் போட்டோ ஒட்டிய லைசென்ஸ் புத்தகம் கைக்கு வந்த நாளில் வீட்டில் விசேஷம் எதுவும் இல்லை. ஸ்டேஷனிலிருந்து மீட்டு வந்த துப்பாக்கியைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, மத்தியானம் என்றும் பார்க்காமல் பாய் விரித்துப் படுத்து, பொழுது சாயும்வரை தூங்கினாள். அப்படி ஒரு தூக்கத்தை நைனா போனபின் அவள் தூங்கி நான் பார்த்ததில்லை. அந்தப் பட்டத்தில் அவள் போட்ட வேட்டுக்கு இரண்டு கொல்லைகளும் தப்பின.

இன்று அந்த இரண்டு கொல்லைகளும் இல்லை. சின்ன நைனா இறந்தபின் அவர் பிள்ளைகள் விற்றார்கள். இரண்டு கொல்லைக்கும் பொதுவாக இருந்த பம்பு செட்டும் அதோடு போய்விட, தனியாக நிற்கும் நிலத்துக்குத் தண்ணீர் கொண்டுவர முடியாமல் நாங்களும் விற்றோம். இப்போது அங்கே வீட்டு மனைகளாகப் பிரித்து எல்லைக்கல் நட்டு, கலர் கொடி கட்டியிருக்கிறார்கள். பன்றிகள் எங்கே போயினவோ தெரியவில்லை.

முழங்கால் வலியால் மாடிப்படி ஏற முடியாத அம்மா, போன மாதம் துப்பாக்கியைக் கொடுத்துவிடலாம் என்றாள். ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு, லைசென்ஸை முடிக்கத் திருவள்ளூர் கலெக்டர் ஆபீஸுக்குப் போனோம். ஆபீஸில் இருந்த இளைஞர் மரியாதையாகத்தான் பேசினார். யார் பேருக்கு மாற்ற வேண்டும் என்று கேட்டார். யார் பேருக்கும் இல்லை என்றேன். ஒரு தாளை எடுத்து நீட்டினார். அம்மா கையெழுத்துப் போட்டாள். அவ்வளவுதான், போகலாம் என்றார்.

அம்மா எழுந்திருக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். இன்னும் எங்கேயாவது போகச் சொல்வார்கள் என்று காத்திருந்தாள் போல. நான் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டேன்.

"வாங்கறதுக்கு அத்தினி நடை நடந்தோமே பாப்பா," என்றாள் வாசலில் நின்று. "குடுக்கறதுக்கு இவ்ளோதானா?"

திருத்தணியில் இறங்கி வேறு பஸ் மாறியதும் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். கொடி கட்டிய அந்த இடம் ஜன்னலில் வந்துபோனது. நான் அவளை எழுப்பவில்லை.