சிக்காகோவின் சமையலறைகள்

டென்மார்க்கின் சில்க்போர்க்கில் அண்ணனும் நானும் ஒரு சிறிய மாடிவீட்டில் கழித்த முதல் குளிர்காலம். ஏரி உறைந்து, வெளிச்சமும் ஒலியும் பஞ்சுக்குள் பொதிந்ததுபோல் மங்கிக் கிடந்த பிற்பகல்களில், நான் அவருக்கு அமெரிக்காவின் மதுவிலக்குக் காலத்தை வாசித்துக்காட்டினேன். டெனிஷ் பழகுவதற்காக நூலகத்தில் எடுத்த தடித்த புத்தகம் அது. அகராதியின் துணையோடு ஒரு மணி நேரத்தில் இரண்டு பக்கம் நகரும். அண்ணன் வெங்காயம் உரித்தபடி கேட்பார்.

தெருமுனையில் வண்டிகளிலிருந்து பழம் திருடித் திரிந்த கூட்டங்கள், சட்டம் மதுவைத் தடுத்த சில ஆண்டுகளில், சொந்தமாக லொறிகளும் வழக்கறிஞர்களும் வைத்திருக்கும் நிலைக்கு வளர்ந்துவிட்டன. ஒருவனைச் சுடச் சொன்னவனே அவனுடைய சவ ஊர்வலத்துக்கு ஆளுயர மலர்வளையம் அனுப்பினான். வெளியே பனி பெய்ய, அந்த மலர்கள் எங்கள் சன்னலருகே வந்து நிற்பதாக எனக்குத் தோன்றும்.

அண்ணனுக்கு வேறு கனவு. ஹீட்டரின் அருகே ஒரு வாளியில் சீனியும் உலர்ந்த திராட்சையும் ஈஸ்டும் புளித்துக்கொண்டிருந்தன. நத்தார்ப் பண்டிகைக்கு அதைக் காய்ச்சிச் சாராயம் வடிப்பதற்காக, பிரஷர் குக்கரின் மூடித் துளையை அரத்தால் அகலமாக்கி, ஒரு செப்புக் குழாயைப் பொருத்தியிருந்தார். அவருடைய வதிவிட அனுமதி அப்போது முடிவாகியிருக்கவில்லை. அது கிடைத்தால்தான் மன்னாரிலிருந்து அண்ணியும் மகளும் வரலாம்.

அன்று வாசித்த பகுதியில், சிக்காகோவின் கும்பல்கள் புதிதாகக் குடியேறிய ஏழைகளின் சமையலறைகளில் வடிகலங்களை வைத்துவிட்டுப் போயின. அந்நாட்டு மொழி தெரியாத பெண்கள், ஒரு கையால் தொட்டிலை ஆட்டியபடி, துளித்துளியாக விழும் சாராயத்தைக் காவல் காத்தார்கள். அந்தப் பெண்களை விட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போக என்னால் முடியவில்லை.

"அப்ப என்ரை படமும் உந்தப் புத்தகத்திலை வருமோ?" என்று சிரித்தார் அண்ணன்.

"பகிடி விடாதேங்கோ அண்ணை. பிடிபட்டால் அண்ணிக்கு என்னெண்டு காயிதம் எழுதுறது?"

அப்போது அழைப்புமணி அடித்தது.

"பொலிஸ்!" என்று அண்ணன் வாளியைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்கு ஓடினார். அவர் எல்லாவற்றையும் ஊற்றிவிட்டுத் திரும்பியபோது, கீழ்வீட்டு டெனிஷ் அம்மா கையில் கண்ணாடிச் சாடியோடு எங்கள் சமையலறையில் நின்றார். படிக்கட்டெல்லாம் புளித்த வாசனையாம். வைன் போட வாளி கூடாதாம், இந்தச் சாடிதான் நல்லதாம். வீட்டில் வைன் போடுவது இங்கே குற்றமில்லை என்றும், தாமும் ஆண்டுதோறும் போடுவதாகவும் சொன்னார். காய்ச்சி வடித்தால்தான் தண்டனை.

குற்றமற்றதை அண்ணன் ஊற்றிவிட்டிருந்தார். குற்றம் அடுப்பின்மேல் குழாயை நீட்டிக்கொண்டு நின்றது.

அந்த அம்மா அதைச் சற்று நேரம் பார்த்தார். "அதில் என்ன சமைக்கிறீர்கள்?"

"பருப்பு," என்றார் அண்ணன், தமக்குத் தெரிந்த சொற்ப டெனிஷில்.

"இந்தக் குழாய் இருந்தால் பருப்பு வேகாது." குழாயைக் கழற்றி அண்ணனின் ஈரக் கையில் வைத்துவிட்டு, சாடியை மேசையில் விட்டுப் போனார். அதைப்பற்றி அவர் பிறகு யாரிடமும் பேசவில்லை.

வசந்தத்தில் அனுமதி வந்தது. கோடையில் அண்ணியும் மகளும் வந்தார்கள். மறுநாளே அண்ணி குக்கரில் பருப்பு வைத்தார். விசில் வரவில்லை. அகன்ற துளையால் ஆவி சீறிக்கொண்டே இருந்தது. சன்னல் கண்ணாடி வெள்ளையாகி, ஏரி மறைந்துபோயிற்று.

"இஞ்சேருங்கோ, இதுக்கு என்ன நடந்தது?"

அண்ணன் என்னைப் பார்த்தார்.

"அது பெரிய அமெரிக்காக் கதை," என்றார். "தங்கச்சி வாசிச்சுச் சொல்லுவாள்."