பதினெட்டு வாசலில் பூத்த பருத்தி

எங்கள் தொழிலில் ஞாயிற்றுக்கிழமை கிடையாது, ஏனென்றால் பருத்திச் செடிக்குக் காலண்டர் பார்க்கத் தெரியாது. மேலதிகாரியிடம் கெஞ்சி ஒரு நாள் லீவு வாங்கிவிடலாம். பூத்த பூவிடம் "நாளைக்கு வா" என்று சொல்ல முடியாது. இப்படி யாருடைய நேரத்துக்கோ உங்கள் நேரத்தைக் கட்டிப்போட்டுப் பிழைத்தவர் நீங்கள் என்றால் மேலே படியுங்கள். நம் இருவருக்கும் ஒரே வியாதிதான்.

எண்பதுகளின் பிற்பாதியில் நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் குடியிருந்தேன். மம்சாபுரத்தைத் தாண்டி ஒரு விதைக் கம்பெனியின் பண்ணை இருந்தது. அங்கே எனக்கு ஃபீல்ட் அசிஸ்டென்ட் வேலை. எனக்கு மேலே ஒரு டாக்டர். செடிகளைக் கலந்து புது ரகம் உண்டாக்கப் படித்த டாக்டர். ஊரில் பாதிப் பேர் அவரிடம் காய்ச்சலுக்கு மாத்திரை கேட்டார்கள். அவரும் சளைக்காமல் ஆளுக்கொரு மாத்திரை கொடுத்தார்.

காபி கிடைக்காத கைக்குட்டை

டாக்டர் கலப்புக்குப் பிடித்த பருத்தி ஜோடி இதுதான். தாய்ச் செடி நம் கரிசலில் கொத்துக் கொத்தாகக் காய்க்கும், ஆனால் இழை குட்டை. தந்தைச் செடியின் இழை பட்டு மாதிரி நீளம், ஆனால் காய்க்கச் சோம்பேறி. இரண்டையும் கலந்து பிறந்த இருபது செடியில் தாயின் விளைச்சலும் தந்தையின் இழையும் சேர்ந்து வந்திருந்தன. அதை நம்பலாமா என்று கேட்டு வர டாக்டர் என்னை ராஜபாளையத்துக்கு அனுப்பினார். அங்கே ஒரு மில்லில் பஞ்சு பார்த்து வாங்குகிற பெரியவர் இருந்தார். ஊரே அவரை "செலக்டர்" என்றுதான் கூப்பிடும்.

"கூர்ச்சோ தம்பி" என்று தெலுங்கில் உட்காரச் சொல்லிவிட்டு, பெயர் எழுதாமல் நான் நீட்டிய மூன்று பொட்டலத்தையும் பிரித்தார். ஒரு சிட்டிகைப் பஞ்சை இரண்டு கட்டைவிரலுக்கு நடுவில் பிடித்து இழுத்தார், மடக்கினார், மறுபடி இழுத்தார். நாலைந்து இழுப்பில் இழையெல்லாம் சீவி விட்ட தலைமுடியாகப் படிந்தது. முழங்காலில் போட்டிருந்த கறுப்புத் துணியில் அதை வைத்துப் பார்த்துவிட்டு, முதல் பொட்டலம் எங்கள் தாய்ச் செடியின் ரகம், இரண்டாவது ஊர்ப் பருத்தி என்று சரியாகச் சொன்னார். அவர் சொன்ன நீளமும், பிற்பாடு ஆய்வுக்கூடத்துக் கருவி சொன்ன நீளமும் ஒன்றாகவே இருந்தன. அந்தக் கட்டைவிரலுக்கு அன்றைக்கே நான் ரசிகனாகிவிட்டேன்.

மூன்றாவது பொட்டலம் எங்கள் கலப்பு. அதை இரண்டு முறை இழுத்தவர், வெளிச்சத்துக்கு நகர்ந்து உட்கார்ந்து மூன்றாவது முறையும் இழுத்தார். "இது நம்ம பக்கம் வெளஞ்சதா?" என்றார். ஆமாம் என்றேன். காபிக்குச் சொல்லப் பையனைத் தேடியபடியே, "எத்தன பேல் இருக்கு?" என்று கேட்டார். பேல் என்றால் மில்லுக்குப் போகிற பெரிய பஞ்சுப் பொதி. நான் பையிலிருந்த கைக்குட்டை மூட்டையைக் காட்டி, இருப்பதே இவ்வளவுதான் என்றேன். அவர் எழுந்து வேட்டியில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டினார்.

"அப்பம் பேலோட வாங்க தம்பி, காபி தாரேன்."

மதுரை இடுக்கி

கோயம்புத்தூரிலிருந்து எங்கள் மேனேஜர் வந்து கெடு வைத்துவிட்டுப் போனார். இந்தப் பட்டத்தில் நாலு கிலோ கலப்பு விதை கைக்கு வரவேண்டும், அதுவும் சுத்தமாக. வந்தால் நாலு ஊரில் விதைத்துப் பார்க்கலாம். வராவிட்டால் இந்த ஜோடியைக் கைவிட்டு, டாக்டர் வேறு வேலை பார்க்க வேண்டியதுதான். டாக்டர் ஆறு வருஷமாக அந்தத் தந்தைச் செடியைத் தேடிப் பிடித்துப் பழக்கியவர். அன்று மத்தியானம் அவர் சாப்பிடவில்லை.

கலப்பு விதை எடுப்பது என்றால் என்ன? நாளைக்குப் பூக்கப் போகிற தாய் மொட்டைச் சாயங்காலமே திறந்து, உள்ளே இருக்கும் அதன் சொந்த மகரந்தத்தைத் துளி விடாமல் நீக்க வேண்டும். நடுவில் மிச்சம் நிற்கும் சூல்தண்டுக்குச் சிவப்புத் தாள் குழாய் மாட்ட வேண்டும். மறுநாள் காலையில் குழாயைக் கழற்றி, தந்தைப் பூவைக் கொண்டுவந்து தடவ வேண்டும். இதைச் செய்ய மம்சாபுரத்திலிருந்து பதினெட்டுப் பெண்கள் வந்தார்கள். அவர்களுக்குத் தலைவி பேச்சியக்கா. நாற்பது வயதிருக்கும், பேச்சு குறைவு, பார்வை அதிகம்.

புதுசாக டிப்ளமா முடித்த திமிரில் நான் மதுரைக்குப் போய்ப் பளபளவென்று பதினெட்டு இடுக்கி வாங்கி வந்திருந்தேன். முதல் நாள் நானே உட்கார்ந்து எழுபது மொட்டை இடுக்கியால் சுத்தம் செய்து காட்டினேன். பேச்சியக்கா பார்த்தார். பிறகு ஒரு மொட்டை எடுத்து, வளர்த்து வைத்திருந்த வலது கட்டைவிரல் நகத்தால் அடியில் ஒரு சுற்றுக் கீறித் திருகினார். இதழும் மகரந்தமும் சேர்ந்து தொப்பி மாதிரி கழன்று வந்தன. உள்ளே பிஞ்சில் ஒரு கீறல் இல்லை. நான் ஒரு மொட்டு முடிப்பதற்குள் அவர் ஆறு முடித்தார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, கண்ணெடுக்க முடியாமலும் இருந்தது. இடுக்கிகளைத் துடைத்து என் பையில் அவரே போட்டார்.

"வீட்டுக்குக் கொண்டு போங்க சார். அடுப்புல கங்கு எடுக்க ஆகும்."

மணப்பெண்ணின் ஒன்பது விரல்

எங்கள் பதினெட்டுப் பேர் செட்டில் முத்துமாரிக்குக் கார்த்திகையில் கல்யாணம் வந்தது. கலப்பு வேலை ஆரம்பித்துப் பத்து நாள்கூட ஆகவில்லை. மாப்பிள்ளை பட்டாளத்தில் இருந்து லீவில் வந்தவர். மருதாணி வைக்கும்போது ஒன்பது நகத்தை வெட்ட விட்டவள், வலது கட்டைவிரலை மட்டும் மடக்கிக்கொண்டாள். மாப்பிள்ளையின் அத்தைக்குச் சந்தேகம். பொண்ணுக்கு விரலில் ஏதும் கோளாறா, மறைக்கிறார்களா என்று மண்டபத்தில் குசுகுசுப்பு கிளம்பி, மணவறை வரைக்கும் வந்துவிட்டது.

சாப்பிட வந்த நான் போய், விதை, மகரந்தம், இழை நீளம் என்று விளக்கினேன். அது குசுகுசுப்பைக் கூட்டத்தான் செய்தது. கடைசியில் மாப்பிள்ளையே முத்துமாரியின் கையை வாங்கிப் பார்த்தார். அவள் தலை நிமிராமல் இரண்டு வரியில் வேலையைச் சொன்னாள். அவர் அத்தை பக்கம் திரும்பினார். நாலாம் நாள் அவள் வேலைக்கு வந்தபோதும், அவரே சைக்கிளில் கொண்டுவந்து விட்டார். அத்தையிடம் அவர் சொன்னது இதுதான்:

"நான் துப்பாக்கிய கேம்ப்புல வச்சுட்டு வந்திருக்கேன். அவ நகத்தக் கழட்டி வைக்க முடியாதுல்லத்த, இருக்கட்டும்."

அஞ்சே அஞ்சு பூ

அந்த வருஷம் எங்களுக்கு வாய்த்தது தந்தைச் செடி இரண்டே வரிசை. மீதியைக் காய்ப்புழு தின்றுவிட்டது. அவை பூத்ததும் தாமதமாகத்தான். மார்கழி பிறந்தபோது பாதி விதைகூடச் சேரவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் எழுநூற்றுச் சொச்சம் தாய் மொட்டைத் தயார் செய்து குழாய் மாட்டியிருந்தோம். ஒரு தந்தைப் பூ ஆறேழு தாய்க்கு வரும். மறுநாளைக்கு நூறு பூ வேண்டும். வரிசையில் நூற்றுச் சொச்சம் மஞ்சள் மொட்டு நின்றதை நானே எண்ணிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் சைக்கிளில் மம்சாபுரம் தெருவுக்குள் வந்தேன். வாசலெல்லாம் மார்கழிக் கோலம். கோலத்து நடுவில் சாணி உருண்டை, உருண்டை மேல் மஞ்சள் பூ. அந்தக் கார்த்திகை மழையில் பூசணிக்கொடி எல்லாம் அழுகிப்போயிற்றே, இவர்களுக்குப் பூ ஏது என்று நினைத்துக்கொண்டே இரண்டு வீடு தாண்டினேன். மூன்றாவது வாசலில் பிரேக் பிடித்தேன். பூசணிப் பூவுக்கு இதழடியில் சிவப்புப் பொட்டு இருக்காது. எங்கள் தந்தைப் பூவுக்கு இருக்கும்.

பேச்சியக்கா வாசலிலும் ஐந்து பூ. "என்னக்கா இது?" என்றேன். "அஞ்சே அஞ்சு பூதான் சார் எடுத்தேன். ராத்திரி தண்ணியில போட்டு வச்சேன். அம்புட்டுப் பூவு நிக்கிதேன்னு..." என்றார். பக்கத்து வாசலில் கோலப்பொடிக் கிண்ணத்தோடு நின்ற முத்துமாரியும், "நானும் அஞ்சுதான் சார்" என்றாள். எதிர் வீட்டிலிருந்தும் அதே பதில். பதினெட்டுப் பேரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் ஆளுக்கு ஐந்து எடுத்திருந்தார்கள். ஒருவரும் ஆறாவது எடுக்கவில்லை. அந்த நாணயத்தை மெச்சுவதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று எனக்குத் தெரியவில்லை.

பேச்சியக்கா முகம் வெளுத்தது ஒரு நிமிஷந்தான். அன்று தடவாவிட்டால் எழுநூறு மொட்டும் உதிர்ந்துவிடும் என்று அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பூவின் பொடி எட்டு மணிக்கு மேல்தான் வெடிக்கும், அதுவரை பூ கெடாது. "ஏட்டி, ஒவ்வொரு வீடாப் போயி எடுங்க. காம்பைப் புடிச்சு எடு. சாணி உள்ள படக் கூடாது" என்று தாம்பாளத்தோடு கிளம்பினார். கோலத்தில் வைத்த பூவை விடிந்ததும் எடுப்பதா என்று சில வீடுகளில் தயங்கினார்கள். உருண்டையோடு தட்டிக் காயவைத்துத் தைப் பொங்கலுக்குப் பிறகு ஆற்றில் கரைக்கிற பூ அது. இருந்தாலும் கொடுத்தார்கள். பேச்சியக்காவின் மாமியார் ஒருவர்தான் வாசலை மறித்து நின்று மாட்டேன் என்றார். மருமகள் தாம்பாளத்தோடு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

எட்டரை மணிக்கு எண்பத்தைந்து பூவோடு வேலையைத் தொடங்கினோம். அதுபோக வரிசையில் தப்பியவை ஒரு பத்து. அவ்வளவு மெதுவாக, அவ்வளவு கவனமாக அந்தப் பெண்கள் பூவைத் தடவி நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு பூவையும் ஏழு தாய்க்குக் குறையாமல் வரவைத்தார்கள். பத்து மணிக்குப் பூ தீர்ந்தது. ஒரு வரிசைக் குழாய் இன்னும் கழற்றாமல் நின்றது. அப்போது வரப்பில் அந்த மாமியார் வந்தார். கையில் பித்தளைத் தட்டு, தட்டில் குங்குமம், நடுவில் ஐந்து பூ. கோலத்தில் வைத்ததை வெறுங்கையில் கொடுக்கக்கூடாதாம். தட்டை என்னிடம் நீட்டினார், ஆனால் விடவில்லை.

"காய் புடிச்சா, மொதப் பஞ்சு எங்க வீட்டு வெளக்குக்குத் திரி. சரின்னு சொல்லும், தாரேன்."

யாருடைய கை

நாலு கிலோவும் கொஞ்சம் மேலும் விதை வந்தது. திரிக்குப் பஞ்சும் போய்ச் சேர்ந்தது. ஆனால் மேனேஜர் கேட்டது சுத்தமான விதை. அதைச் செடிதான் சொல்ல வேண்டும். கலப்புச் செடி தந்தையைப் போல மஞ்சளாகப் பூக்கும். தாயின் சொந்தப் பொடி துளி தங்கி, அதனால் பிடித்த விதை என்றால் வெளிறிய வெள்ளையாகப் பூக்கும். அடுத்த பட்டத்தில் கூமாப்பட்டியில் ஒரு தோட்டத்தில், எந்தத் தேதியில் கலந்த விதை எந்த வரிசை என்று குறித்து விதைத்தோம். பூக்கும் நேரத்தில் மேனேஜர் வந்தார். கோலத்து நாளின் வரிசைகளை நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கடந்தேன். கடைசிச் செடி வரைக்கும் மஞ்சள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கத் தோன்றவில்லை.

வெள்ளைப் பூ இருந்தது. முதல் நாள் வரிசையில் ஒன்பது செடி. மேனேஜர் முகம் சுருங்கியது. "இது யாரு செஞ்சது? இந்த செட்டை மாத்திட்டு வேற ஊர்ல இருந்து ஆள் கொண்டாரலாமா?" என்று டாக்டரைக் கேட்டார். பூ எண்ண வந்திருந்த பேச்சியக்கா என் முகத்தைப் பார்க்கவே இல்லை. "எங்க செட்டுதாங்கய்யா. மொத நாளு கை பழகல. இனிமே வராது" என்றார்.

பதினெட்டு வீட்டு வேலையைப் பணயம் வைத்து அவர் என் வேலையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். இடுக்கி நுனியில் நான் விட்டுவைத்த பொடிதான் அந்த ஒன்பது செடி. அன்று என் எழுபது மொட்டில் காய் பிடித்ததே நாலைந்துதான், அதிலும் இந்த லட்சணம். சொன்னால் என் வேலையே போகலாம். ஆனாலும் சொன்னேன். "அது நான் செஞ்சது சார். மத்த நாள் வரிசையெல்லாம் அக்கா செட்டு கை, அதுல ஒரு வெள்ளைப் பூ கிடையாது." மேனேஜர் என்னையும் என் கட்டைவிரலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சரி. அந்தம்மா செட்டே இருக்கட்டும். நீங்க இனிமே பூவத் தொடாதீங்க."

இரண்டு கட்டைவிரல்

தொண்ணூறுகள் பிறந்து, விவசாயிகள் நிலத்தில் விளைந்து, முதல் பேல் ராஜபாளையம் போனபோது பேச்சியக்காவையும் கூட்டிக்கொண்டு போனேன். செலக்டர் இழுத்தார், மடக்கினார், இழுத்தார். அந்தச் சிட்டிகையைக் கறுப்புத் துணியோடு பேச்சியக்காவின் கையில் வைத்தார். வைக்கும்போது அந்த நகத்தைப் பார்த்தார். செலக்டர் கட்டைவிரலோ பஞ்சு தேய்த்துக் காய்ப்பேறியிருந்தது. அதையும் பேச்சியக்கா பார்த்தார். இரண்டு டம்ளர் காபி வந்தது, நான் கை நீட்டினேன்.

"கைக்குட்டைக்காரரே, மொத அவியளுக்குக் குடுங்க."

அந்த ரகத்தின் பதிவேட்டில் தாய் இன்னது, தந்தை இன்னது என்று என் கையெழுத்திலேயே சுத்தமாக எழுதியிருக்கிறது, தந்தையார் ஒரு விடியற்காலை சாணி உருண்டை மேல் உட்கார்ந்திருந்ததை எழுத மட்டும் அந்தப் படிவத்தில் இடம் விடவில்லை.